ஊதக்கூடாத மைக்

ஜூலை 14, ஞாயிறு

பாவு நூல் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக இதில் பால்காரர் போன் நம்பர் மட்டும்தான் இருந்தது. இன்று யாரிடமும் சொல்ல முடியாத சங்கதி ஒன்று நடந்துவிட்டதால் எழுத ஆரம்பிக்கிறேன்.

சுகிர்தாவின் மைக் காலையில் பழுதாகிவிட்டது. தானாகத்தான். நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவே.

சுகிர்தா என் மகள். இருபத்து நாலு வயது. குரலால் பிழைக்கிறாள். கோயம்புத்தூரில் அவள் வேலை பார்த்த ஸ்டுடியோவை மூடும்போது, "இதை நீ வெச்சுக்கம்மா" என்று கொடுத்த பழைய மைக் அது. பார்க்க ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு காந்தத்துக்கு நடுவில் ஒரு ரிப்பன் தொங்கும். நாம் பேசினால் அது ஆடும், அது ஆடினால் கரண்ட் வரும். மற்ற மைக்கில் இவள் பேசினால் ‘ஸ’வும் ‘ஷ’வும் காதில் ஊசி குத்துமாம். இந்த மைக்கில் மட்டும் மெத்தென்று இருக்குமாம்.

கதைப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து விற்கிற சென்னைக் கம்பெனி ஒன்று. இருநூறு பேரில் வடிகட்டிக் கடைசியில் இரண்டு பேரை நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவருக்குத்தான் வேலை. முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஓர் அத்தியாயம் படித்து அனுப்ப வேண்டும். அதற்குப் பயிற்சி எடுக்க நேற்று மதுரைக்குப் போயிருக்கிறாள். வியாழன் விட்டு அடுத்த வியாழன், இருபத்தைந்தாம் தேதி வருவாள். வந்ததும் இந்த மைக்கில் படிப்பாள்.

அதாவது, படிப்பதாக நினைத்துக்கொண்டு இருக்கிறாள்.

ஜூலை 15, திங்கள்

ஸ்க்ரூ ஆறையும் கழற்றிப் பார்த்தேன். ரிப்பன் நடுவில் அறுந்து இரண்டு பக்கமும் சுருண்டு கிடந்தது. முகத்தை மூடிக்கொண்டேன். பிறகு விரலிடுக்கில் மறுபடி பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

நான் பத்தாம் வகுப்பு, அதற்குமேல் ஐ.டி.ஐ. பிட்டர். பல்லடம் பக்கம் முப்பத்தொரு வருஷமாக விசைத்தறிகளைக் கழற்றி மாட்டுகிறேன். ஒரு டன் இரும்பை ஓட வைக்கிறவனுக்கு ஒரு விரல் நீளத் தகடு ஒரு பெரிய விஷயமா?

இந்த வரியைப் பிறகு படித்துச் சிரித்துக்கொள்வதற்காக அடிக்காமல் விடுகிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

பெரிய விஷயம்தான்.

தறிக்குடோனில் என் ஒர்க் பெஞ்சில் வைத்து வேலை பார்ப்போம் என்று மைக்கைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். பெஞ்சில் வைத்த நொடி, முப்பது வருஷத்து இரும்புத் தூளெல்லாம் காந்தத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டது. பார்க்க மைக் தாடி வளர்த்த மாதிரி இருந்தது. துடைத்தால் உள்ளே போகிறது. தட்டினால் இடம் மாறுகிறது. ஸ்க்ரூடிரைவரைக் கிட்டே கொண்டுபோனால் அதையும் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து யோசித்தேன். என் சம்சாரம் மயிலாத்தாள் சப்பாத்திக்கு மாவு பிசைந்து வைத்திருந்தாள். ஓர் உருண்டை எடுத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். அற்புதம். தூள் அத்தனையும் மாவில் வந்துவிட்டது.

"ஏனுங், ஒரு உருண்டை கொறையுதே?"

"எலியா இருக்கும் புள்ள."

"எலி கை கழுவிட்டா எடுத்துச்சு? சோப்பு ஈரமா இருக்குது."

முப்பது வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். ஓட்டை எங்கே இருந்தாலும் விரல் அங்கேதான் போய் நிற்கும். மைக்கைக் காட்டிவிட்டேன். தானாக அறுந்தது என்றுதான் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை டைரியில் எழுத முடியாது.

ஜூலை 17, புதன். ஆடி ஒன்று

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்றைக்கு முழு வேகத்தில் வந்துவிட்டது. கொடியில் காயப்போட்ட என் லுங்கி மூன்றாவது வீட்டு மாடியில் கிடைத்தது.

பிரியாணிப் பொட்டலம் கட்டுகிற அலுமினியத் தாளில் ஒரு கீற்று வெட்டினேன். ரிப்பன் தட்டையாக இருக்கக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளையின் பாவாடை மாதிரி நெருக்கமாக மடிப்பு விழ வேண்டும். ஜெராக்ஸ் கடையில் செத்துப்போன பிரிண்டர் ஒன்றிலிருந்து இரண்டு குட்டிப் பல்சக்கரம் வாங்கி, மரக்கட்டையில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, நடுவே தாளை விட்டுச் சுற்றினேன். மடிப்பு அழகாக விழுந்தது! அரை மணி நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாட்டிப் பேசினால் ஒன்றும் வரவில்லை. தாள் தடிமன். என் குரலுக்கெல்லாம் அது அசையவில்லை. வீட்டில் வேறு யாரும் அசைவதில்லை என்பது தனி.

ஜூலை 18, வியாழன்

மெல்லிய தகடு எங்கே கிடைக்கும்? குளிக்கும்போது பளிச்சென்று தோன்றியது. ஸ்வீட் கடையில் காஜு கத்லி மேல் ஒட்டுகிற வெள்ளித் தாள்! பஸ் ஸ்டாண்டு ஸ்வீட் மாஸ்டரிடம் கெஞ்சி நாலு தாள் வாங்கி வந்தேன். எல்லா ஜன்னலையும் சாத்தி, பேனை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் தாளைப் பிரித்தேன். நகம் பட்டது, அது விரலோடு விரலாக மறைந்துவிட்டது. இரண்டாவது கொஞ்சம் நிமிர்ந்தது, மடங்கியது, காணோம். மூன்றாவது தாளை எடுக்கும்போது அதுவரை பிடித்த மூச்சு வந்துவிட்டது.

"மூக்குல என்னுங்க மினுமினுக்குது?" என்றாள் மயிலா.

நாலாவது தாளை அவளே வாங்கி ரவா கேசரி மேல் ஒட்டிவிட்டாள். பலகாரம் பிரமாதம். மைக் அப்படியேதான்.

ஜூலை 19, வெள்ளி

மைக்கின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘பெனடிக்ட்’, ஒரு நம்பர். ஸ்டுடியோவில் மைக் சர்வீஸ் பார்த்தவர். சுகிர்தாவுக்குத் தெரிந்தவர், அதனால் பெயரை மாற்றிப் பேசுவது என்று முடிவு செய்தேன்.

"வணக்கங்க. ஈரோட்டுல இருந்து சண்முகராசு பேசறனுங்க. ஒரு ரிப்பன் மைக்கு..."

"எப்படி இருக்கீங்ணா? சுகிர்தா சௌக்கியமா?"

"சுகிர்தாவா? யாருங்க அது?"

"ஏனுங்ணா, இந்தச் சுத்துவட்டாரத்துல அந்த மைக் ஒண்ணே ஒண்ணுதான். அது பல்லடத்துல இருக்குது. சொல்லுங்க, ஊதுனீங்களா?"

"கொஞ்சம்... காத்து பட்டுதுங்க. ஆடி மாசம்."

"நீங்க ஒடைச்சது போன மாசமா, இந்த மாசமா?"

"...ஆனி கடைசி."

சிரித்தார். நம் ஊரில் மைக் கண்டால் தட்டுவது, ஊதுவது, அப்புறம் ஹலோ சொல்வது என்று மூன்று சடங்கு. மற்ற மைக் தாங்கும். ரிப்பனுக்கு ஊதல்தான் எமன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார். சரியான தகடு கைவசம் இருக்கிறதாம். தலைமுடியை முப்பதாகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு கனம். நாளைக்கு பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறார்.

பட்டது கொஞ்சம் காற்றுதான். வாயிலிருந்து பட்டது.

ஜூலை 20, சனி

தகடு வந்தது. இரண்டு காகிதத்துக்கு நடுவில் வைத்து, புத்தகத்துக்குள் வைத்து, அதை டப்பாவில் வைத்து அனுப்பியிருந்தார். திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டேன்.

சுகிர்தா போன் செய்தாள்.

"அப்பா, ஒடம்பு நல்லா இருக்குதா?"

"கல்லாட்டம் இருக்கறேன் சாமி."

"காது கீது அடைக்குதா? டாக்டர்கிட்ட ஒரு நடை போலாமா?"

காதா? இந்தப் பெண் எதற்கு இப்படிக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. மதுரை வெயில் தலைக்கு ஏறியிருக்கும். அவள் குரல் வேறு போனில் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. டவர் சரியில்லை. மயிலாவிடம் போனைக் கொடுத்தேன். அவள் பாட்டுக்கு அரை மணி நேரம் பேசினாள்.

மத்தியானம் பருப்பு தீய்ந்துவிட்டது. நாலு விசில் வந்தால் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு மயிலா கடைக்குப் போயிருந்தாள். விசிலே வரவில்லை. இந்தக் காலத்து குக்கர்களில் விசில் சரியாக வருவதில்லை, கம்பெனிக்காரர்கள் அதிலும் சிக்கனம் பிடிக்கிறார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

வீட்டுக்குள் எங்கே உட்கார்ந்தாலும் காற்று கண்டுபிடித்து வருகிறது. பக்கத்து வீட்டு ரங்கதுரையின் ஆம்னி வேனை இரவல் கேட்டு, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, பின்சீட்டில் பலகை போட்டு உட்கார்ந்தேன். பித்தளை இடுக்கி, பிளேடு, தகடு. வேர்வை சொட்டினால் தகடு போச்சு என்று நெற்றியில் கைக்குட்டை கட்டிக்கொண்டேன்.

பத்து நிமிஷத்தில் ரங்கதுரை வந்து கண்ணாடியைத் தட்டினான். "மாமா, அக்காகூடச் சண்டையா? வாங்க, நம்ம வீட்டுல படுத்துக்கலாம்." தட்டிய அதிர்ச்சியில் முதல் ரிப்பன் போனது. இரண்டாவது என் தும்மலில். மூன்றாவதை மாட்டிவிட்டேன்! நல்ல விறைப்பாக, தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுகிற மாதிரி, ஒரு நூல் தொய்வில்லாமல்.

கம்ப்யூட்டரில் சொருகி மயிலாவைப் பேசச் சொன்னேன். பேசியதைப் போட்டுக் கேட்டோம்.

"எப்படி இருக்குது புள்ள?"

"தகர டப்பாவுக்குள்ள பூனை மாட்டிக்கிட்ட மாதிரி."

"சும்மா சொல்லாத. எனக்கு இப்பத்தான் தெளிவாவே கேக்குது."

"அப்ப உங்களுக்கும் பூனைக்கும் ஒத்துப்போகுதுபோல."

மயிலாவை விட்டுப் பெனடிக்டுக்கு அந்தப் பதிவை அனுப்பினேன். மயிலா பக்கம்தான் தீர்ப்பு. "இழுத்துக் கட்டிட்டீங்ணா. ரிப்பன் தொங்கோணும். தொங்கோணும், ஆனா ரெண்டு பக்கமும் காந்தத்தைத் தொடக்கூடாது. தொய்வுதான் அதுக்குக் குரல்."

ஜூலை 22, திங்கள்

தொய்வாக ஒன்றைக் கட்ட என் கைக்குத் தெரியவில்லை என்பதை இன்று கண்டுபிடித்தேன். மனசு தொங்கட்டும் என்கிறது, விரல் கடைசி நொடியில் ஓர் இழுப்பு இழுத்துவிடுகிறது. முப்பத்தொரு வருஷத்து விரல். தறியில் ஓர் இழை தொங்கினால் துணி பூராவும் கோணல். அதைச் செய்யாதே என்றால் கேட்குமா? நாலு ரிப்பன் போனது. தகட்டில் இன்னும் இரண்டுக்குத்தான் இடம்.

வேன் கதவைத் திறந்து மயிலா உள்ளே வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏனுங் இப்படிப் புடிச்சு இழுக்கறீங்க? அது என்ன மாட்டுக் கயிறா?"

"பாவுன்னா இழுத்துத்தான் கட்டோணும்."

"இது பாவு இல்லீங்க, பனியன். பனியன் துணிய இழுத்து வெச்சு அளந்தா எல் சைசு துவைச்சொடனே எம் ஆயிரும். மேசை மேல போட்டுட்டு கையெடுத்தரோணும். அதுவா எப்படி படுத்துக்குதோ அதுதான் அதோட அளவு. தள்ளுங்க."

கல்யாணமான நாளிலிருந்து நெசவா பின்னலா என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. அவள் அப்பா வீடு திருப்பூர், பின்னல் கட்சி. இன்றைக்கு வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

இடுக்கியே வேண்டாம் என்றாள். ஈரமான தீக்குச்சி நுனியில் ரிப்பனைத் தூக்கி, மேல் கவ்வியில் ஒரு முனை, கீழ்க் கவ்வியில் ஒரு முனை. வைத்தாள், கையெடுத்தாள். நான் ஸ்க்ரூவை மட்டும் முடுக்கினேன். ரிப்பன் இரண்டு காந்தத்துக்கு நடுவே சோம்பேறியாகத் தொங்கிக்கொண்டு இருந்தது. எனக்குக் கை அரித்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

"இப்பவாச்சும் சொல்லுங்க" என்றாள் அவள். "எப்படி அறுந்துச்சு?"

வேனுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது.

"ஊதுனேன்."

"அது தெரியும். ஏன் ஊதுனீங்க?"

மதுரைக்குப் போவதற்கு முன்னால் சுகிர்தா தான் படித்த பக்கம் ஒன்றைப் போட்டுக் காட்டி, "எப்படிப்பா இருக்குது?" என்றாள். அருமை என்றேன். எனக்குக் கேட்டது என்னவோ யாரோ சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிற மாதிரி. குரல் வருகிறது, எழுத்து பிரியவில்லை. மைக்தான் கோளாறு, பாவம் பெண் தெரியாமல் அதை நம்பிப் போட்டிக்குப் போகிறாளே என்று நினைத்தேன். அவள் ஊருக்குப் போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நானே பேசிப் பார்த்தேன். அதுவும் கம்பளிக்குள் பேசின மாதிரி இருந்தது. காற்றுச் சத்தமாவது கேட்கிறதா பார்ப்போம் என்று ஊதினேன். ஒன்றும் கேட்கவில்லை.

"அதனால?"

"அதனால இன்னொருக்கா ஊதுனேன். கொஞ்சம் பலமா."

தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டையின் கண்ணில் நூலை வாயால் உறிஞ்சி இழுத்தே பழகிய நெஞ்சு இது. பலம் அதிகம்.

மயிலா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என் நெற்றியில் இருந்த கைக்குட்டையை அவிழ்த்து அதாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

ஜூலை 23, செவ்வாய்

பதிவு செய்து பெனடிக்டுக்கு அனுப்பினோம். "முன்னால இருந்ததவிட நல்லா இருக்குதுங்ணா, யாரு கட்டுனது?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மயிலா போனை வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு அவள் குரல் அவள் குரலாகவே கேட்கிறதாம். எனக்கும் அப்படித்தான் ~~கேட்டது~~.

ஜூலை 25, வியாழன்

சுகிர்தா வந்துவிட்டாள். பையை வைத்ததும் நேராக மைக்கிடம்தான் போனாள். நான் பேப்பர் படித்துக்கொண்டு இருந்தேன். தலைகீழாக இருந்ததாக மயிலா பிறகு சொன்னாள்.

ஒரு பத்தி படித்துப் போட்டுக் கேட்டாள். மறுபடி கேட்டாள். "அம்மா, நீ கட்டுனதா? செமயா இருக்குது!"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். குரல் எனக்கே திருட்டுக் குரலாக இருந்தது.

"பெனடிக்ட் அண்ணா ஒண்ணும் சொல்லல, பயப்படாதீங்க. நீங்களேதான் சொன்னீங்க."

கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது சிவப்புப் பொத்தான் ஒன்றுதான். அதை அமுக்கினால் பதிவாகும், அணைக்க மறந்தால் பதிவாகிக்கொண்டே இருக்கும். பதிவானதெல்லாம் தானாக அவள் போனுக்கும் போய்விடுமாம். அம்மா ரிப்பன் கட்டியதை நேற்று முன்தினப் பதிவில் கேட்டாளாம்; நான் ஊதியதையோ பதினாலாம் தேதியே மதுரையில் கேட்டுவிட்டாளாம்.

போட்டுக் காட்டினாள். மயிலா பக்கத்தில் உட்கார்ந்து அதில் என்ன வருகிறது என்று எனக்கு வரிக்கு வரி சத்தமாகச் சொன்னாள். நான் செய்தி படித்திருக்கிறேன். பிறகு, "ஒண்ணும் பிரியலயே. சுகி பேசறதும் இப்படித்தான் கேக்குது. கெரகம், எனக்குத்தான் கேக்கலியா, மைக்குதான் கெட்டுப்போச்சா?" என்றிருக்கிறேன். பிறகு ஓர் ஊதல். பிறகு, "கேக்கல." பிறகு பெரிய ஊதல். டப். அப்புறம் முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை.

"அப்பா, இதுல உங்க குரல் எவ்வளவு தெளிவா இருக்குது தெரியுமா? நீங்க மூச்சு விடறதுகூடக் கேக்குது. மைக் நல்லாத்தான் இருந்துச்சு."

வெளியே காற்று அடித்திருக்கும். கொடி ஆடிக்கொண்டு இருந்தது.

"குடோன்ல எல்லாருக்கும் நான் பேசறது புரியுதே," என்றேன்.

"அங்க யாரு பேசறீங்க? எல்லாரும் கையைத்தான ஆட்டறீங்க," என்றாள் மயிலா.

"மைக்கை ஒடைச்சதுக்குக் கோவமில்லியா சாமி?"

"வந்துச்சு. மொத ஊதலுக்கு வந்துச்சு. ரெண்டாவது ஊதலுக்கு அழுகை வந்துருச்சு." பிறகு என் தோளில் ஒரு குத்து விட்டாள். "இந்த மைக்கும் உங்களாட்டந்தான், ஸ, ஷ, விசிலு மாதிரி மேல்சத்தம் கம்மியாத்தான் எடுக்கும். அதனாலதான் எனக்குப் புடிக்குது. ஆனா அது டாக்டர்கிட்ட வரமாட்டேன்னு அடம் புடிக்காது."

ஜூலை 28, ஞாயிறு

படித்துவிட்டாள். ஓர் அத்தியாயம், மூன்று மணி நேரம். குக்கர், பேன், டிவி எதுவும் கிடையாது. ரங்கதுரை வீட்டு நாயைக்கூட ஆம்னியில் ஏற்றித் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம். நான் வாசற்படியில் உட்கார்ந்து, வருகிறவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்த வேலைக்குக் காது வேண்டாம். கேஸ் சிலிண்டர்காரர் என்னமோ சாவு வீடு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. சுகிர்தாவைத்தான் எடுத்திருக்கிறார்கள்! முதல் புத்தகம் நானூறு பக்கம். குரலோடு சேர்த்து, ‘என்ன மைக் உபயோகிக்கிறீர்கள்?’ என்றும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். மயிலா அந்த வரியை நாலு தரம் படிக்கச் சொன்னாள்.

அந்தச் சந்தோஷத்தில் நான் எதற்கும் தலையாட்டுவேன் என்று தெரிந்து, மத்தியானமே காது பார்க்கிற இடத்துக்குத் திருப்பூர் கூட்டிப் போய்விட்டார்கள். கண்ணாடி வைத்த ஒரு பெட்டி ரூம். ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார் டெஸ்ட் எடுக்கிற பெண். "எப்ப சத்தம் கேட்டாலும் அமுக்குங்க, எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி."

கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுகிர்தாவும் மயிலாவும். எவ்வளவு நம்பிக்கையாகப் பார்க்கிறார்கள்! அமுக்கினேன். கொஞ்சம் விட்டு மறுபடி அமுக்கினேன். சந்தேகம் வரக்கூடாது என்று நடுவில் ஒரு தடவை அமுக்காமலும் விட்டேன். நல்ல சீராகப் போய்க்கொண்டு இருந்தது.

கதவு திறந்தது. "ஐயா, நான் இன்னும் சத்தமே அனுப்பலைங்களே."

மயிலா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. டெஸ்ட் நாளைக்கு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மறுபடி அதே பெட்டி, அதே பொத்தான்.

முதலில் தடித்த சத்தங்கள் வந்தன, தூரத்தில் தறி ஓடுகிற மாதிரி. அமுக்கினேன். பிறகு கொஞ்சம் மெல்லிசாக ஒன்று. அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை.

அந்தப் பெண் எதையோ திருகிக்கொண்டே இருந்தார், அதனால் ஏதோ வந்துகொண்டுதான் இருந்தது என்று தெரிந்தது. சுகிர்தா கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தாள். மயிலா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தாள். ஒரு நிமிஷம் இருக்கும், இரண்டு நிமிஷமும் இருக்கும். கட்டைவிரல் பொத்தான் மேல் துடித்தது.

அமுக்கவில்லை.